எல்லைக் காவலும் யுவான் சுவாங்கும்

நாட்டுக்கு நாடு எல்லை வகுத்த நாள் முதலாக, அவ்வெல்லையிலே நின்று வருவோரையும் போவோரையும் வினாவும் மனிதரும் இருந்து வருகின்றனர். எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய், யாருடைய ஆணை பெற்றுப் போகிறாய், மூட்டையில் இருப்பது யாது என்னும் நான்கு வினாக்களும் இன்று நேற்றுத் தோன்றியவை அல்ல. கடவுச்சீட்டும் விசாவும் புதிய பெயர்கள், பொருள் பழையது. அந்த வினாக்களுக்குத் தக்க விடை கையில் இல்லாமலே ஒரு பேரரசின் எல்லையைக் கடந்து சென்று, பல ஆண்டுகளின் பின் அதே பேரரசின் எல்லையால் அரச மரியாதையுடன் மீண்டவர் ஒருவர் உளர். அவர்தாம் சீனத் துறவியாகிய யுவான் சுவாங்.

பாடநூல்களில் அவர் ஹர்ஷவர்த்தனரைக் கண்ட யாத்திரிகராக இரண்டொரு வரிகளில் வந்து போவார். நாளந்தாவிற் கற்றார், காஞ்சிக்கு வந்தார், பிரயாண நூல் எழுதினார் என்பதோடு பாடம் முடிந்துவிடும். நான் கற்பித்த வகுப்புகளிலே மாணவர் விரும்பிக் கேட்டது அவர் வந்து சேர்ந்த கதையை அன்று, புறப்பட்ட கதையையே. அக்கதையை அவருடைய மாணாக்கராகிய ஹுய்லீ எழுதத் தொடங்கி, யென்சுங் என்பார் நிறைவாக்கிய வாழ்க்கை வரலாறு விரிவாகக் கூறுகின்றது.

ஏறக்குறைய 602ஆம் ஆண்டில், லோயாங் நகருக்கு அணித்தாய ஓரூரில், கல்விமான்களின் குடும்பமொன்றிலே அவர் பிறந்தார். தமையன் துறவியாயிருந்த மடத்திலே இளமையிலேயே தாமும் புகுந்தார். சுயி அரசு சரிந்து நாடெங்கும் போர் மூண்ட காலம் அது. நூலுக்கும் ஆசிரியருக்குமாக நகரந்தோறும் அலைந்து, ஈற்றிலே தலைநகராகிய சாங்கானை அடைந்தார். அங்கு அவரை வாட்டியது ஓர் ஐயம். பௌத்த நூல்களின் சீன மொழிபெயர்ப்புகள் ஒன்றோடொன்று முரணின. ஆசிரியர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொருள் கூறினர். மூலநூல் இருக்கும் நாட்டுக்கே போய்க் கற்றாலன்றி இவ்வையம் தீராது என்று துணிந்தார்.

ஆனால் வழி அடைபட்டிருந்தது. தாங் அரசு தோன்றியது 618இல். தாய்சுங் பேரரசர் அரியணை ஏறியது 626இல். வடமேற்கிலே துருக்கியக் குதிரைப்படையின் அச்சம் நீங்கவில்லை. ஆதலால், அரச அனுமதியின்றி எவரும் மேற்கெல்லையைக் கடத்தலாகாது என்பது கட்டளை. யுவான் சுவாங்கும் தோழர் சிலரும் விண்ணப்பித்தனர். மறுமொழி மறுப்பாகவே வந்தது. தோழர்கள் எண்ணத்தைக் கைவிட்டனர். அவர் கைவிடவில்லை. 629ஆம் ஆண்டிலே அவர் புறப்பட்டார் என்பது அவ்வரலாற்று நூலின் கூற்று. 627 எனக் கொள்ளும் அறிஞரும் உளர். அப்போது அவருக்கு முப்பது வயது நிரம்பவில்லை.

முதற்றடை லியாங்சௌ நகரிலே நேர்ந்தது. மேற்குத் திசை வணிகர் கூடும் பெருநகர் அது. மேற்கே போக எண்ணிய துறவி ஒருவர் வந்திருக்கிறார் என்னும் செய்தி நகரத் தலைவராகிய லீ தாலியாங்கின் செவிக்கு எட்டியது. அவர் யுவான் சுவாங்கை அழைத்து விசாரித்தார். தலைநகருக்குத் திரும்புமாறு பணித்தார். இவரைக் கொடியவர் என்று சொல்ல என் மனம் ஒருப்படவில்லை. எல்லையைக் காக்க வைத்தவன் எல்லையைக் காத்தான், அவ்வளவே. ஆயின் அந்நகரத்துப் பெருந்துறவி ஒருவர் தம் மாணாக்கர் இருவரை இரகசியமாகத் துணை அனுப்பினார். பகலில் ஒளித்தும் இரவில் நடந்தும் மூவரும் குவாசௌவை அடைந்தனர்.

அவரைப் பிடித்து அனுப்புமாறு எழுதிய ஓலையும் பின்னாலேயே வந்து சேர்ந்தது. அது லீ சாங் என்னும் உத்தியோகத்தரின் கைக்குக் கிடைத்தது. அவர் பௌத்த பக்தர். ஓலையை எடுத்துக்கொண்டு தனியே வந்து, அதிற் குறித்த துறவி இவர்தாமோ என்று கேட்டார். யுவான் சுவாங் தயங்கினார். உண்மையைச் சொன்னால் உதவலாம் என்றார் வந்தவர். துறவி உண்மையைச் சொன்னார். லீ சாங் அவர் கண்முன்னே ஓலையைக் கிழித்தெறிந்து, விரைந்து போய்விடுமாறு கூறினார்.

ஓலை கிழிந்தாலும் வழி திறந்துவிடவில்லை. குவாசௌவுக்கு வடக்கே ஆழமும் வேகமும் உள்ள ஓர் ஆறு. அதன் கரையிலே யூமென் கோட்டை. அதற்கு அப்பால் நூறு நூறு லீ தொலைவுக்கு ஒன்றாக ஐந்து காவற்கோபுரங்கள். தண்ணீர் இருப்பது அக்கோபுரங்களின் அடியில் மட்டுமே. எல்லை வகுத்தவரின் நுட்பத்தை இங்கே காண்க. மதில் கட்ட வேண்டியதில்லை. நீர்நிலையைக் காத்தாற் போதும். தாகமே பிரயாணியைப் பிடித்து வந்து காவலன் முன் நிறுத்திவிடும்.

வழிகாட்டியாக வந்தவன் மேற்றிசையான் ஒருவன். அவன் பெயர் பந்தோ. அவனுக்குத் தெரிந்த கிழவன் ஒருவனிடம் மெலிந்த செந்நிறக் கிழக்குதிரை ஒன்று இருந்தது. பாலையைக் கடந்து ஹாமிக்குப் பதினைந்து முறை போய் வந்தது அது. கிழவன் சொற்கேட்டுத் தம் இளங்குதிரையைக் கொடுத்து அதனை வாங்கினார் துறவி. ஆற்றின் ஒடுங்கிய இடத்திலே மரம் வெட்டிப் பாலமிட்டு இருவரும் இரவிலே கடந்தனர். கரையேறிப் படுத்தபின் வழிகாட்டி கத்தியை உருவிக்கொண்டு எழுந்தான், சில அடி வந்தான், திரும்பிப் போய்விட்டான். விடிந்ததும் தன் அச்சத்தைச் சொன்னான். அகப்பட்டால் தன் குடும்பமும் தண்டனைக்கு உள்ளாகும் என்பதே அவன் கவலை. துறவி அவனைக் கடிந்துகொள்ளவில்லை. தம் உடலைத் துண்டு துண்டாக வெட்டினாலும் அவன் பெயரைச் சொல்வதில்லை என்று சத்தியம் செய்து, குதிரையும் கொடுத்து அனுப்பிவைத்தார்.

அதன்பின் அவர் தனியர். மணலிலே கிடந்த எலும்புகளும் சாணமுமே வழிகாட்டின. முதற் கோபுரத்தை அடைந்தவர் மணற்பள்ளத்தில் மறைந்திருந்து, இரவானதும் நீர் மொள்ளச் சென்றார். தோற்பையை எடுத்த வேளையில் அம்பொன்று முழங்காலை உரசுவதுபோல் வந்து விழுந்தது, மற்றொன்றும் தொடர்ந்தது. தாம் தலைநகரிலிருந்து வரும் துறவி என்று உரத்துக் கூவியபடி கோபுரத்தை நோக்கி நடந்தார். காவற்றலைவன் வாங் சியாங் தீ மூட்டி அவர் முகத்தை உற்று நோக்கினான். மேற்குப் பயணம் ஆகாது, துன்குவாங்கிலே கற்றறிந்த துறவி ஒருவர் இருக்கிறார், அவரிடம் அனுப்பிவைக்கிறேன் என்றான். துறவி இணங்கவில்லை. தண்டிப்பதானால் தண்டிக்கலாம், கிழக்கு நோக்கி ஓரடியும் வைப்பதில்லை என்றார். வாங் சியாங் நெஞ்சு நெகிழ்ந்தான். மறுநாட் காலையிலே நீரும் கோதுமை அப்பமும் கொடுத்து, பத்து லீக்கு மேல் உடன் நடந்து, தன் உறவினன் காவல் புரியும் நான்காவது கோபுரத்துக்கு நேரே செல்லுமாறு வழியும் சொல்லிவிட்டான்.

அயல்நாட்டு விமான நிலையமொன்றில், அனுமதிப் பத்திரத்தில் ஏதோ ஓர் எழுத்துப் பிசகு என்று சொல்லி, என்னை ஓரிரவு முழுவதும் ஒரு வாங்கில் இருத்தி வைத்தனர். பெட்டியிலிருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தனர். என்ன தொழில் என்று மூன்று பேர் மூன்று முறை கேட்டனர்; மூவரும் பத்திரத்தைப் பார்த்தே கேட்டனர். நான்காவதாக வந்தவர் வயதானவர். அவர் முதலில் என் முகத்தைப் பார்த்தார்; பிறகே பத்திரத்தைப் பார்த்தார். கால் மணி நேரத்தில் விடுதலை கிடைத்தது. வாங் சியாங் தீ மூட்டிய செய்தியைப் படிக்கும்போதெல்லாம் அம்முகம் என் நினைவுக்கு வரும். காவலனுக்கு வெளிச்சம் வேண்டும். அவ்வெளிச்சத்திலே எதைப் பார்க்கிறான் என்பதும் வேண்டும்.

நான்காவது கோபுரத்திலும் அம்பு வந்தது. அங்கும் துறவி உண்மையே சொன்னார். காவலன் பெரிய தோற்பை நிறைய நீரும் குதிரைக்குத் தீனியும் தந்தான். ஐந்தாவது கோபுரத்தில் இருப்பவர் முரடர், அதனை விலக்கிப் போகவேண்டும் என்றும் எச்சரித்தான். விலக்கிப் போனவர் வழி தவறினார். நீர்ப்பை கைதவறி விழுந்து, இருந்த நீரெல்லாம் மணலிற் கொட்டிப் போயிற்று. கிழக்கே திரும்பிப் பத்து லீ நடந்தார். பின்பு தம் சபதம் நினைவுக்கு வர, மீண்டும் மேற்கே திரும்பினார். நான்கு இரவும் ஐந்து பகலும் ஒரு துளி நீரில்லை. ஐந்தாம் நாள் இரவிலே குளிர்காற்று வீசியது. கிழக்குதிரை அவர் இழுத்த வழிக்கு வராமல் தன் வழியே நடந்து, புல்லும் நீரும் உள்ள இடத்தில் அவரைச் சேர்த்தது. பதினைந்து முறை போய் வந்த அனுபவம் வீண் போகவில்லை.

ஹாமியை அடுத்துத் தூர்பான் பகுதியிலே காவ்சாங் அரசு. அங்கு நேர்ந்தது வேறு வகைத் தடை. மன்னன் சூ வென்தாய் அவரிடம் கொண்ட பக்தியால், தன் நாட்டிலேயே இருந்துவிடும்படி வற்புறுத்தினான். இணங்காவிட்டால் சீனத்துக்கே திருப்பி அனுப்புவதாக அச்சுறுத்தவும் செய்தான். துறவி உண்ணாதிருந்தார். நோன்பு நாட்கணக்கில் நீண்டு உடல் தளரக் கண்ட மன்னன் மனம் மாறினான். பொன்னும் பட்டும், முப்பது குதிரைகளும், இருபத்தைந்து ஏவலரும் கொடுத்தான். யாவற்றினும் மேலாக, வழியிலுள்ள நாடுகளுக்கு இருபத்து நான்கு கடிதங்கள் எழுதித் தந்தான். மேலைத் துருக்கியரின் ககானுக்கும் பட்டும் பழமும் அனுப்பி, துறவிக்குப் பரிந்து எழுதினான். முன்னே வழிகள் அடைபட்டதும் பின்னே வாயில்கள் திறந்ததும் ஒரே மனிதருக்குத்தான். மனிதர் மாறவில்லை, கையிலிருந்த கடிதங்களே மாறின.

பாரதநாட்டில் அவர் பெற்ற கல்வியும் புகழும் பலர் அறிந்தவை. நாளந்தாவிலே சீலபத்திரரிடம் யோகாசார நூல்களைக் கற்றார். ஏறக்குறைய 640இல் காஞ்சிபுரம் வந்தார். அங்கிருந்து ஈழத்துக்குக் கடல் கடப்பது அவர் கருத்து. அவ்வேளையிலே ஈழத்துத் துறவியர் முந்நூற்றுவர் வரை காஞ்சியில் வந்திறங்கியிருந்தனர். மன்னன் இறந்தான், நாட்டிலே பஞ்சம், ஆதலால் இங்கு வந்தோம் என்றனர். யோகாசார நூற்பொருளை அவர்களிடம் வினாவினார். அவர்கள் சொன்ன விளக்கம் சீலபத்திரரின் விளக்கத்தை விஞ்சவில்லை. எனவே அவர் பயணத்தை விடுத்தார். எல்லைக் காவலராலும் பாலைவனத்தாலும் நிறுத்த முடியாத மனிதரை, நம் நாட்டின் வாயிலில் நிறுத்தியவை கலகமும் பஞ்சமும்.

மீளும் வழியிலே ஒரு வேடிக்கை. சிந்து நதியைக் கடக்கும்போது அலையெழுந்து படகு தத்தளிக்க, ஐம்பது ஏட்டுச் சுவடிகளும் பல்வகைப் பூவிதைகளும் நீரோடு போயின. அக்கரையில் அவரை எதிர்கொண்ட கபிச நாட்டு மன்னன், பூவிதை ஏதும் கொண்டு வந்தீரோ என்று கேட்டான். ஆம் என்றதும், அதுவே காரணம் என்றான். விதை கொண்டு கடப்போருக்கு அவ்விடத்தில் அப்படியே நேரும் என்பது அவன் சொன்னது. ஆறும் ஒரு சுங்கச் சாவடி போலும்!

644இல் கோத்தானை அடைந்தார். அங்கிருந்து பேரரசருக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினார். அனுமதியின்றித் தாம் எல்லை கடந்ததை அதிலே மறைக்கவில்லை. சில மாதங்களின் பின் மறுமொழி வந்தது. விரைந்து வருக என்பது அழைப்பு. வழித்துணையும் சுமைகுதிரைகளும் கொடுக்குமாறு கோத்தானுக்குக் கட்டளை. பாலை மணலிலேயே சென்று எதிர்கொள்ளுமாறு துன்குவாங் உத்தியோகத்தருக்கும் ஆணை. 645ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே, 657 நூல்களை இருபது குதிரைகளில் ஏற்றிக்கொண்டு சாங்கானுள் நுழைந்தார். பின்னர் லோயாங்கிலே பேரரசரைக் கண்டபோது, சொல்லாமற் போனது ஏன் என்று அவர் வினாவினார். பல முறை விண்ணப்பித்தும் அனுமதி கிடைக்கவில்லை என்று துறவி உள்ளதை உரைத்து, குற்றத்தை ஏற்றார். பேரரசர் குற்றம் காணவில்லை. அரசு பதவி தர முன்வந்தார், துறவி ஏற்கவில்லை. 646இல் பிரயாண நூல் நிறைவெய்தியது. 664இல் இறக்கும்வரை மொழிபெயர்ப்பே அவர் தொழில். எழுபத்தைந்து நூல்கள் அவர் கையாற் சீனமொழிக்கு வந்தன.

காவ்சாங் மன்னனுக்கு, மீளும்போது வந்து மூன்றாண்டு தங்குவதாக அவர் வாக்களித்திருந்தார். அதனை நிறைவேற்ற முடியவில்லை. மன்னன் இறந்தான், அவன் நாட்டைத் தாங் படை 640இல் கைக்கொண்டது. இருபத்து நான்கு கடிதங்கள் எழுதித் துறவிக்கு எல்லைகளைத் திறந்துவிட்டவனின் எல்லை அப்படி அழிந்தது.

இவ்வரலாற்றிலிருந்து சட்டத்தை மீறலாம் என்று மாணவர் கற்க வேண்டியதில்லை. நான் அவர்களுக்குச் சொல்வது வேறு. யுவான் சுவாங் மறைந்து நடந்தார். ஆனால் கேட்டவரிடம் பொய் சொல்லவில்லை. லீ சாங்கும் வாங் சியாங்கும் கட்டளையை அறியாதவர் அல்லர். எதிரே நிற்பவர் பகைவரின் ஒற்றர் அல்லர் என்பதைத் தம் கண்ணால் அறிந்தவர். அவ்விருவரும் எந்த நூலும் எழுதவில்லை. போரிலே வென்றதாகவும் நாம் கேட்டதில்லை. ஓர் இரவிலே ஒரு மனிதரை வழிவிட்டதொன்றே அவர்கள் செய்கையாக நமக்கு வந்திருக்கிறது. அதனாலேயே, ஆயிரத்து நானூறு ஆண்டுகள் ஆகப்போகும் இன்றும் அவர்கள் பெயரை நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இன்று நம் பிள்ளைகள் உலகெங்கும் பல எல்லைகளிலே வரிசையில் நிற்கின்றனர். சிலர் நாளை அவ்வெல்லைகளில் உத்தியோகத்தராயும் இருப்பர். மேசையின் எப்புறத்தில் நின்றாலும், முதற் கோபுரத்தடியிலே மூட்டிய அந்தத் தீயை அவர்கள் நினைவில் வைத்திருத்தல் நன்று.