ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு அர்த்தம்

பிஎல்சி வர்றதுக்கு கிட்டத்தட்ட 80 வருஷம் முன்னாடியே, ஒரு மெஷினுக்கு எது இன்புட், எது அவுட்புட்னு உட்கார்ந்து முடிவு பண்ணவர் ஹெர்மன் ஹோலரித்.

1860-ல் அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில், ஜெர்மனியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தார். 19 வயசுல கொலம்பியாவில் சுரங்கப் பொறியியல் முடிச்சார். வேலை கிடைச்சதோ 1880 சென்சஸ் அலுவலகத்துல! (கோர் கம்பெனி கிடைக்காத கதை அப்பவே இருந்திருக்கு.)

அங்கே எல்லாத்தையும் கையாலதான் எண்ணினாங்க. அந்தக் கணக்கு முடிய ஏழெட்டு வருஷம் ஆச்சு. மக்கள்தொகை ஏறிக்கிட்டே போனதால, 1890 கணக்கை முடிக்கறதுக்குள்ள 1900 வந்துடுமோங்கிற பயம் இருந்தது.

ஹோலரித் முதல்ல காகித டேப்பில் ஓட்டை போட்டுப் பார்த்தார். ஒருத்தர் விவரம் வேணும்னா முழு டேப்பையும் ஓட்டணும். அதனால ஆளுக்கு ஒரு அட்டைன்னு மாத்தினார். ரயிலில் கண்டக்டர், பயணியோட முடி நிறம், கண் நிறத்தை டிக்கெட்டில் ஓட்டையா குத்துறதைப் பார்த்தது இதுக்கு உதவியிருக்கு.

1890 அட்டையில் 288 இடங்கள். ஆணா பெண்ணா, வயசு, பிறந்த ஊர், திருமணம், தொழில்னு ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு அர்த்தம். ஒரு விவரத்துக்கு இடம் விட மறந்தா, 6 கோடிக்கும் மேல இருக்கிற அட்டைகளை மறுபடி குத்தணும். நாம லேப்ல ஐ/ஓ லிஸ்ட் போடாம நேரா லேடர் வரைய உட்காருவோமே, அந்தச் சலுகை அவருக்கு இல்ல.

அட்டையை வெச்சு கைப்பிடியை இறக்கினா, ஓட்டை இருக்கிற இடத்துல மட்டும் ஊசி கீழே இறங்கி பாதரசக் கிண்ணத்தைத் தொடும். சர்க்யூட் மூடும், டயல் ஒண்ணு ஏறும். அவுட்புட் பக்கம் 40 டயல்கள், கூடவே அட்டைகளைப் பிரிச்சுப் போடும் பெட்டியின் மூடிகள். நடுவில் ரிலேக்கள். ஆண், வெளிநாட்டில் பிறந்தவர், திருமணமானவர், மூணும் சேர்ந்தா மட்டும் இந்த டயல்னு வயர் பண்ணலாம். நம்ம ஆண்ட் கேட் தான்! எனக்கு ரொம்பப் பிடிச்சது மணி. அட்டை சரியா பதிவானா மணி அடிக்கும். அடிக்கலைன்னா ஏதோ விட்டுப்போச்சு, அந்த அட்டையைத் தனியா எடுத்து வெச்சிடுவாங்க.

மொத்த மக்கள்தொகை, சுமார் 6.2 கோடி, 1890 முடியறதுக்குள்ளேயே அறிவிக்கப்பட்டது.

மனுஷன் லேசுப்பட்டவர் இல்ல. மெஷினை விற்காம வாடகைக்குத்தான் விட்டார். பின்னாடி சென்சஸ் அலுவலகத்தோடயே சண்டை வந்து, 1910-க்கு அவங்க சொந்தமா மெஷின் செஞ்சுக்கிட்டாங்க. 1896-ல் அவர் தொடங்கின கம்பெனி 1911-ல் வேறு சில கம்பெனிகளோட இணைஞ்சு, 1924-ல் ஐபிஎம் ஆனது. 1929-ல் வாஷிங்டனில் மாரடைப்பால் இறந்தார்.