கிர்ஸ்டன்பாஸ் கண்ட பியர்சன்

ஆப்பிரிக்கப் பெருநிலத்தின் தென்மேற்கு மூலையில் நன்னம்பிக்கை முனையைச் சார்ந்து ஒரு மலைநாடு உள்ளது. அங்கே குளிர்காலத்தில் மழை பொழியும். வேனிலிலோ நிலம் காய்ந்து கிடக்கும். மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளின் தட்பவெப்பமும் இத்தகையதே. அச்சிறு நிலப்பரப்பில் ஏறத்தாழ 9,000 வகைச் செடிகொடிகள் வளர்கின்றன. அவற்றுள் மூன்றில் இரண்டு பங்கினை உலகின் வேறெப்பகுதியிலும் இயற்கையாகக் காண்டல் அரிது. அங்குள்ள குறும்புதர்க் காட்டினை ஃபைன்பாஸ் என்று வழங்குவர். அக்காட்டின் இயல்பு வியத்தற்குரியது. பல்லாண்டுகட்கு ஒருமுறை அது தீப்பற்றி எரியும். எரிந்தபின் மழை விழுந்ததும், புகையுண்ட விதைகள் பல துயில் நீங்கி முளைவிடும். நெருப்பே அக்காட்டிற்குச் செவிலித்தாய் என்னலாம்.

இத்தகைய செல்வத்தின் அருமையை உடையவர் உணராதிருத்தல் உலகியல்பு. நிலம் கழனியாகவும் கொடிமுந்திரித் தோட்டமாகவும் மாறிற்று. அயல்நாட்டிலிருந்து கொணர்ந்த பைன் மரங்களும் ஆஸ்திரேலிய வேலமரங்களும் மலைச்சரிவுகளில் பரவின. அந்நாட்டுச் செடிகட்கு அந்நாட்டிலேயே ஒரு காப்பிடம் வேண்டும் என்று உணர்ந்து உழைத்தவர் ஹென்றி ஹெரால்டு வெல்ச் பியர்சன் என்னும் அறிஞர்.

பியர்சன் 1870ஆம் ஆண்டு இங்கிலாந்தில் லிங்கன் கோட்டத்தைச் சேர்ந்த லாங் சட்டன் என்னும் ஊரில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பயின்ற அவர் நமக்கு அண்மையதாகிய இலங்கைக்கும் வந்தவர். அந்நாட்டு மலைப்பகுதியில் பத்தனை என வழங்கும் புல்வெளிகளை ஆராய்ந்து, 1899இல் அதுபற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். பின்னர்க் கியூ தோட்டத்தில் பணிபுரிந்து, 1903இல் கேப்டவுன் நகரிலுள்ள தென்னாப்பிரிக்கக் கல்லூரியில் தாவரவியற் பேராசிரியரானார்.

இரண்டே இலைகளுடன் நூற்றாண்டுகள் பல வாழும் வெல்விட்சியா என்னும் பாலைச் செடியைத் தேடி, 1904இல் அவர் தென்மேற்கு ஆப்பிரிக்கப் பாலைக்குச் சென்றார். அங்கே எரேரோ மக்கட்கும் ஜெர்மானியர்க்கும் போர் மூண்டமையால் இடையிலேயே திரும்ப நேர்ந்தது. எனினும் சோர்வடையாது மீண்டும் சென்று ஆய்வினைத் தொடர்ந்தார்.

நாட்டிற்கென ஒரு தாவரத் தோட்டம் வேண்டுமென்று 1910இல் அறிஞர் அவையில் அவர் எடுத்துரைத்தார். அக்காலத்துத் தோட்டங்கள் பல, பொருளீட்டப் பயன்படும் அயல்நாட்டுப் பயிர்களையே பேணின. பியர்சன் கருதியதோ மண்ணுக்குரிய செடிகளின் தோட்டம். 1911இல் நெவில் பில்லன்ஸ் என்னும் நண்பருடன் குதிரை வண்டியில் ஏறி, மேசை மலையின் கீழ்ச்சரிவிலுள்ள கிர்ஸ்டன்பாஸைக் காணச் சென்றார். செசில் ரோட்ஸ் என்பவர் விலைக்கு வாங்கிப் பின் நாட்டிற்கு விட்டுச் சென்ற நிலம் அது. களைகள் மண்டிப் பன்றிகள் திரிந்த அவ்விடமே ஏற்றதெனப் பியர்சன் தெளிந்தார். 1660இல் ஒல்லாந்தர் அந்நிலத்தின் பழங்குடிகளைத் தடுக்க நட்ட காட்டுவாதுமை வேலியின் எச்சமும் அங்கே இருந்தது. மனிதரை விலக்க எழுந்த வேலியும் இன்றுவரை தழைத்து நிற்பது எண்ணத்தக்கது.

1913 சூலைத் திங்களில் தோட்டம் தோன்றிற்று. அரசினர் ஆண்டுக்கு 1,000 பவுன் அளித்தனர். அது போதாமையால் விறகையும் ஓக்கு மரக் கொட்டைகளையும் விற்றுச் செலவினை ஈடுசெய்தனர். முதல் இயக்குநராகிய பியர்சன் ஊதியம் சிறிதும் பெற்றாரல்லர். கல்லூரிப் பணியையும் விடாது செய்தார். பகற்பொழுதில் மாணாக்கர்க்குப் பாடம் சொல்லி, எஞ்சிய பொழுதெல்லாம் களையும் கல்லும் நிறைந்த சரிவிலே செலவிடுதல் எல்லார்க்கும் இயல்வதன்று. சைக்காடு என்னும் தொன்மையான மர இனத்தைப் பல இடங்களிலிருந்தும் தேடிக் கொணர்ந்தார். அத்தோட்டத்தின் முதற் சேகரம் அதுவே.

1916இல் அரச கழகம் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தது. அவ்வாண்டு நவம்பர்த் திங்கள் 3ஆம் நாள், நுரையீரல் அழற்சியால் தம் 46ஆம் அகவையில் அவர் உயிர் நீத்தார். தோட்டம் தொடங்கி மூன்றாண்டும் சில திங்களுமே ஆகியிருந்தன. அவர் உடல் அத்தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றது.

இன்று அத்தோட்டத்தின் எல்லைக்குள் 528 ஹெக்டேர் நிலம் உள்ளது. அதில் பயிரிட்டுப் பேணுவது 36 ஹெக்டேர் மட்டுமே. ஏனைய இடமெல்லாம் இயற்கைப் புதரும் காடும் ஆகும். 2004இல் கேப் மலர்நிலம் உலக மரபுச் செல்வமாக ஏற்கப்பெற்றபோது கிர்ஸ்டன்பாஸும் அதனுள் இடம்பெற்றது. ஆயினும் அயல்மரங்களை வெட்டும் பணி அம்மலைகளில் இன்னும் ஓயவில்லை. பியர்சன் கொணர்ந்த சைக்காடு மரங்களுட் சில, அவர் கல்லறைக்கு அண்மையில் நின்று இன்றும் வளர்கின்றன.