கள்ளி வளர்த்த கப்பல் வைத்தியர்

காசிமேட்டில் இன்று மீன்பிடிப் படகுகள் துறைமுகத்துக்குள் வந்து நிற்கின்றன. மீனைக் கூடை கூடையாகக் கரையில் இறக்குகிறார்கள்.

250 ஆண்டுகளுக்கு முன் சென்னையில் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் கரைக்கு வர முடியாது. கோட்டைக்கு எதிரே, கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களும் மூட்டைகளும் மசூலாப் படகில்தான் கரைக்கு வர வேண்டும். பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. ஆணியே இல்லை. அலை மோதினால் வளைந்து கொடுக்கும், உடையாது.

அந்தக் காலத்தில் இந்தக் கரைக்கு வந்தவர்தான் ஜேம்ஸ் ஆண்டர்சன்.

கப்பலில் வந்தவர்

ஆண்டர்சன் 1738-இல் ஸ்காட்லாந்தில், எடின்பரோ நகரை அடுத்த சிற்றூரில் பிறந்தார். வைத்தியம் படித்தார். கிழக்கிந்தியக் கும்பினியின் கப்பலில் வைத்தியர் ஆனார்.

1762-இல் சென்னையிலிருந்து மணிலாவுக்குப் படை சென்றது. அந்தப் போரிலும் அவர் பணி செய்தார். பிறகு கப்பல் வேலையை விட்டுவிட்டுச் சென்னையிலேயே தங்கினார். 1765-இல் உதவி வைத்தியர். 1786-இல் சென்னை மாகாணத்தின் தலைமை வைத்தியர். ஊர் திரும்பும் எண்ணம் அவருக்கு வரவில்லை. நுங்கம்பாக்கத்தில் ஒரு தோட்டம் போட்டார்.

சிவப்புச் சாயம்

அந்நாளில் ஐரோப்பாவில் உயர்ந்த சிவப்புச் சாயம் ஒன்றுக்குப் பெரும் கிராக்கி. ஆங்கிலப் படை அதிகாரிகளின் சிவப்புச் சட்டைக்கும் அதுதான் சாயம். அதை எதிலிருந்து எடுத்தார்கள்? ஒரு பூச்சியிலிருந்து! அதன் பெயர் கொச்சினீல். மெக்சிகோ நாட்டில் ஒருவகைச் சப்பாத்திக் கள்ளியில் வாழ்வது. ஒரு ராத்தல் சாயப்பொருளுக்குச் சுமார் 70,000 பூச்சிகள் வேண்டும். அந்த வியாபாரம் முழுவதும் ஸ்பெயின் நாட்டின் கையில் இருந்தது.

1786-இல் சென்னையில் ஒருவகைப் புல்லின்மேல் சிறு பூச்சிகளை ஆண்டர்சன் கண்டார். கொச்சினீல் கிடைத்துவிட்டது என்று நம்பினார். லண்டனில் புகழ் பெற்ற அறிவியலாளரான சர் ஜோசப் பாங்க்ஸுக்குக் கடிதத்துக்குமேல் கடிதம் எழுதினார். அவற்றை அச்சிட்டும் வெளியிட்டார்.

ஆனால் அது உண்மையான கொச்சினீல் அல்ல.

ஆண்டர்சன் சோர்ந்துவிடவில்லை. பூச்சி வரும்வரை அதற்கு உணவையாவது வளர்ப்போம் என்று முடிவு செய்தார். நோப்பால் என்ற அந்தக் கள்ளி வெளிநாட்டிலிருந்து வந்தது. அதை வளர்க்க, சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு தோட்டம் உண்டாயிற்று. ஆண்டர்சனின் மருமகன் ஆண்ட்ரூ பெரி அதைக் கவனித்துக்கொண்டார்.

வந்தது, வெல்லவில்லை

1795-இல் நீல்சன் என்ற படை அதிகாரி பிரேசில் நாட்டிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சிகளைக் கொண்டுவந்தார். அவை சென்னைக்கும் வந்தன, பெருகின. ஆண்டர்சனின் நெடுநாள் ஆசை நிறைவேறியது போல் இருந்தது.

ஆனால் வந்தது காட்டு வகை. அதன் சாயம் மட்டமாக இருந்தது. மெக்சிகோச் சாயத்தோடு போட்டி போட முடியவில்லை. 1800-இல் கும்பினி அரசு கள்ளித் தோட்டத்தைக் கைவிட்டது.

பதினான்கு ஆண்டு உழைப்பு! சாயமும் இல்லை, தோட்டமும் இல்லை.

கப்பலுக்கே மருந்து

ஆண்டர்சன் கள்ளியை மறக்கவில்லை. அவர் கப்பல் வைத்தியராக இருந்தவர் அல்லவா? கடலோடிகளை வாட்டும் ஸ்கர்வி நோயை நன்கு அறிந்தவர். மாதக்கணக்கில் பச்சைக் காய்கறி இல்லாமல் இருந்தால் வரும் நோய் அது. ஈறு வீங்கும்; ரத்தம் கசியும்; பல் ஆடும். கவனிக்காவிட்டால் உயிரையே குடித்துவிடும்.

கீரையும் காயும் கப்பலில் சில நாளில் வாடிவிடும். நோப்பால் மட்டை பறித்த பின்னும் நெடுநாள் பசுமையாக இருக்கும். அதைச் சமைத்துக் கொடுத்தால் ஸ்கர்வியைத் தடுக்கலாம் என்று ஆண்டர்சன் எடுத்துச் சொன்னார். 1808-இல் அதைப் பற்றிய எழுத்துக்களை அச்சிட்டு வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 70.

மறு ஆண்டு, 1809 ஆகஸ்டில், சென்னையிலேயே அவர் காலமானார்.

தோற்ற பூச்சியும் பிற்பாடு பயன்பட்டது. சாயத்துக்கு உதவாத அந்தக் காட்டுப் பூச்சி, கள்ளியை மட்டும் நன்றாகத் தின்று தீர்த்தது. அதனால் நிலத்தை மூடிய கள்ளிப் புதர்களை அழிக்க, 19-ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவில் அதை விட்டார்கள். 1926-இல் அதன் இனத்தைச் சேர்ந்த வேறொரு பூச்சி இலங்கையிலிருந்து வந்தது. தமிழ்நாட்டு உழவர்களுக்குத் தொல்லையாக இருந்த நாகதாளிக் காடுகளை அது அழித்தது.

சென்னை மருத்துவர்கள் சேர்ந்து ஆண்டர்சனுக்குச் சிலை எடுத்தார்கள். புகழ்பெற்ற சிற்பி சாண்ட்ரி செதுக்கிய அச்சிலை, சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் இருக்கிறது.

அவர் தேடிய சிவப்புச் சாயம் கடைசிவரை கிடைக்கவில்லை. ஆனால் வெறுங்கையோடு அவர் நிற்கவில்லை. கப்பலில் தொழிலைத் தொடங்கிய வைத்தியர், கப்பல்காரர்களுக்கு ஒரு மருந்தைக் காட்டிவிட்டே கண்ணை மூடினார்.