பிஞ்சுக் கைகளின் பசியறிந்த மரியா மொன்ரிசோரி அம்மையார்

இத்தாலி தேசத்தில் அங்கோனா நகருக்கு அண்மையிலுள்ள கியாரவல்லே என்னும் ஊரில், 1870ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 31ஆந் திகதி, கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்தவர் மரியா மொன்ரிசோரி. பெண்கள் வைத்தியம் பயில்வது அரிதாயிருந்த அக்காலத்தில், தந்தையாரின் விருப்பமின்மையையும் பொருட்படுத்தாது கற்று, 1896இல் உரோமைப் பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்றார்.

அந்நாளில் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளை மனநோயாளர் விடுதிகளில் அடைத்து வைப்பது வழக்கம். அத்தகைய விடுதியொன்றுக்கு அம்மையார் சென்றார். சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகள் நிலத்தில் விழுந்து பாண் துணிக்கைகளைப் பொறுக்குவர். இது பெருந்தீனிக் குணமென்று அவர்களைப் பராமரித்த பெண் அருவருத்தாள். அம்மையாரோ அறையைச் சுற்றிப் பார்த்தார். வெறும் சுவர்களே இருந்தன. தொடவோ பிடிக்கவோ உருட்டவோ அங்கு ஒரு பொருளும் இல்லை. அது வயிற்றுப் பசியன்று, கைகளின் பசி என்று அவர் கண்டுகொண்டார்.

இதார், செகென் என்னும் பிரான்சு தேசத்து வைத்தியர்களின் நூல்களை ஆராய்ந்து, தொட்டும் பார்த்தும் கேட்டும் பழகத்தக்க பொருட்களால் இப்பிள்ளைகளுக்குக் கற்பித்தார். அவர்களிற் சிலர் பொதுப் பாடசாலைப் பரீட்சையிலும் சித்தியடைந்தனர்.

1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆந் திகதி, மூவிராசாக்கள் திருநாளன்று, உரோமாபுரியில் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் முதலாவது பாலர் இல்லம் திறக்கப்பட்டது. அங்கே பட்டு, கம்பளி, பருத்தித் துணிகளைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் தடவி இனங்கண்டனர். மணிகளின் ஓசையைக் கேட்டு வேறுபடுத்தினர். அழகிய பொம்மைகளை விட்டு, மெய்யான வேலைகளையே நாடினர்.

1939இல் அம்மையார் மகன் மாரியோவுடன் சென்னை அடையாறுக்கு வந்தார். 1940இல் இத்தாலி யுத்தத்தில் இறங்கவே, மாரியோ சிலகாலம் தடுத்து வைக்கப்பட்டார். அத்துன்பத்திலும் அம்மையாரின் பணி நிற்கவில்லை. 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். பிறந்தது முதலான ஆரம்ப ஆண்டுகளின் பெருமையை விளக்கி அவர் அகமதாபாத்தில் ஆற்றிய விரிவுரைகளைத் தழுவிய நூல் 1949இல் வெளியாயிற்று. 1952ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் திகதி ஒல்லாந்தில் மரணமானார். அங்கு நோர்ட்வைக் என்னும் கடற்கரையூரின் கத்தோலிக்க சேமக்காலையில் அடக்கம் செய்யப்பட்டார்.

பெற்றோரே, தவழும் குழந்தை அகப்பையை இழுத்தால் குழப்படி என்று அடிக்கலாமா? அதன் கைகளும் பசித்திருக்கின்றன. விலையுயர்ந்த விளையாட்டுப் பொருள் தேவையில்லை. சுத்தமாக்கி விளிம்பு தேய்த்த சிரட்டை, மரக்கரண்டி, சிறு ஓலைப்பெட்டி, மூடியுள்ள தகரப் பேணி, பழைய பருத்திச் சேலைத் துண்டு ஆகியவை போதும். ஒன்று வழவழப்பானது, மற்றது சொரசொரப்பானது. ஒன்று ஒலிக்கும், மற்றது ஒலிக்காது. இரண்டு மூன்றை மட்டும் முன்னே வைத்து, குழந்தை தானே தேர்ந்தெடுக்க விடுங்கள்.

ஆயினும் கவனம் வேண்டும். குழந்தை எதையும் வாயில் வைத்தே அறியும். புளியங்கொட்டை, பொத்தான், நாணயம் முதலியன தொண்டையில் அடைத்து உயிருக்கே ஆபத்தாகும். கூரானவையும் பொலித்தீன் பைகளும் நீண்ட கயிறும் ஆகா. சிறு கோப்பைத் தண்ணீரே ஆனாலும் குழந்தையைத் தனியே விடலாகாது. அருகில் அமர்ந்து பார்த்திருப்பதே தாயும் தந்தையும் செய்யவேண்டியது. கர்த்தர் நம்மிடம் ஒப்படைத்த குழந்தையின் மனம் அக்கைகளின் வழியாகவே விழித்தெழுகின்றது.