பல தொழில் கண்ட பிராட்லி

மக்கள் வாழ்வில் ஊழும் உண்டு, முயற்சியும் உண்டு. எதிர்பாராது வந்த இழப்பினால் மடிந்து அமர்ந்தோர் பலர். அவ்விழப்பினின்றும் புதுவழி கண்டோர் சிலர். அச்சிலருள் ஒருவர், பலகை விளையாட்டுகளை அமைத்தவரும் நூலாசிரியருமாகிய மில்டன் பிராட்லி.

இவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளில், மெயின் மாநிலத்து வியன்னா என்னும் சிற்றூரில் 1836ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 8ஆம் நாள் பிறந்தார். பள்ளிப் படிப்பு முடிந்தபின் வரைபடம் வரையும் தொழிலைப் பழகினார்; பின்னர்க் கேம்பிரிட்சு நகரத்து லாரன்சு அறிவியற் பள்ளியிற் சேர்ந்தார். பெற்றோர் வேற்றூர்க்குக் குடிபெயரவே, அப்படிப்பு இடையில் நின்றது. 1856இல் ஸ்பிரிங்பீல்டு நகரையடைந்து, தொடர்வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் படம் வரைவோராக அமர்ந்தார். இரண்டே ஆண்டுகளில் அவ்வேலையும் போயிற்று.

பிராட்லி மனம் தளர்ந்திலர்; தாமே வரைபட நிலையம் ஒன்றை நிறுவினார். எகிப்து நாட்டு ஆட்சியாளர்க்கென ஒரு தொடர்வண்டிப் பெட்டியை வரைந்து தரும் பணி இவர்பால் வந்தது. அப்பெட்டியின் வண்ணக் கல்லச்சுப் படம் ஒன்று பின்னர் இவர் கைக்குக் கிடைத்தது. அதன் அழகில் ஈடுபட்ட இவர், பிராவிடன்சு நகருக்குச் சென்று கல்லச்சுத் தொழிலைக் கற்றுத் திரும்பி, 1860இல் அச்சகம் ஒன்றைத் தொடங்கினார்.

அவ்வாண்டில் ஆபிரகாம் லிங்கன் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டார். பிராட்லி, தாடியில்லாத லிங்கன் உருவத்தை அச்சிட்டு விற்றார். படங்கள் விரைந்து விலைபோயின. ஆனால், தேர்தலில் வென்ற லிங்கன் தாடி வளர்க்கத் தொடங்கினார். பழைய படத்தை வாங்குவார் இலராயினர். அச்சு எந்திரம் வேலையின்றிக் கிடந்தது.

அவ்விடர்ப்பாட்டைத் தீர்த்தது ஒரு விளையாட்டு. சதுரங்கப் பலகை போன்று 64 கட்டங்கள் கொண்ட பலகை அது. குழவிப் பருவத்தில் தொடங்குவோர் இன்ப முதுமையை நாடிச் செல்வர். விடாமுயற்சி என்னும் கட்டத்தை அடைந்தவர் வெற்றிக்கு உயர்வர். சோம்பலில் வீழ்ந்தவர் இகழ்ச்சிக்கு ஆளாவர். சூதாட்டத்தை அடைந்தவர் அழிவை எய்துவர். முதலில் 100 புள்ளிகள் பெற்றவரே வென்றவர். பரமபதப் படம் ஆடியறிந்தோர்க்கு இதன் போக்கு எளிதில் விளங்கும்.

எனினும், இரண்டிற்கும் ஒரு வேறுபாடு உண்டு. பகடை சூதாடுவோர் கருவியென இகழப்பட்டமையின், எண்கள் பொறித்த சிறு பம்பரத்தையே பிராட்லி பயன்படுத்தினார். அது காட்டும் எண், செல்லத்தக்க திசைகளை உணர்த்தும். அவற்றுள் ஒன்றைத் தேர்வது ஆடுவோர் அறிவைப் பொறுத்தது. ஓராண்டிற்குள் இவ்விளையாட்டு ஏறத்தாழ 45,000 படிகள் விற்றது. 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டது. பாசறையில் பொழுது போகாது வருந்திய வீரர்க்கெனச் சட்டைப்பையில் அடங்கும் சிறு விளையாட்டுத் தொகுதிகளையும் இவர் செய்தளித்தார்.

செல்வம் வந்தபின் இவர் உள்ளம் கல்விப்பணியை நாடியது. ஜெர்மானிய அறிஞர் பிரோபெல் வகுத்த கிண்டர்கார்ட்டன் முறையை விளக்கி எலிசபெத்து பீபாடி அம்மையார் ஆற்றிய சொற்பொழிவு இவரைக் கவர்ந்தது. 1869இல் அம்முறையை விளக்கும் நூல் ஒன்றை அச்சிட்டார். குழந்தைகளுக்கு வேண்டிய மரக்கட்டைகளையும் வண்ணத்தாள்களையும் செய்தார். ஊதியம் தாராத தொழில் என்று கூட்டாளிகள் வெறுத்தபோதும் இவர் அதனைக் கைவிட்டிலர்.

சிவப்பென்றால் எச்சிவப்பு என்பது அந்நாளில் ஆசிரியர்க்கே தெளிவாகவில்லை. கல்லச்சில் வண்ணங்களோடு பழகிய பிராட்லி, அவற்றை வரையறுத்து முறைப்படுத்தினார்; சுழலும் வட்டத்தகடுகளால் வண்ணக் கலப்பை விளக்கினார். 1890இல் பள்ளியில் வண்ணம் கற்பித்தலைப் பற்றியும், 1895இல் வண்ணங்களின் அடிப்படையைப் பற்றியும் இவர் எழுதிய நூல்கள் வெளிவந்தன. 1911ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் இவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். இவர்தம் விளையாட்டு, நூறாண்டு நிறைந்த 1960இல் புதுவடிவம் பெற்றது.

வரைகலை அச்சுத்தொழிலுக்கு வழிகாட்டியது. அச்சுத்தொழில் விளையாட்டிற்கு உதவியது. விளையாட்டால் வந்த பொருள் குழந்தைக் கல்விக்குப் பயன்பட்டது. கற்ற தொழில் ஒன்றேனும் வீண்போகவில்லை. பம்பரம் காட்டும் எண் நம் வயத்ததன்று. செல்லும் திசையைத் தேர்வது நம் வயத்ததே. இவ்வுண்மையைப் பலகையில் அமைத்த பிராட்லி, தம் வாழ்விலும் நடத்திக் காட்டினார்.