கணக்கிலும் வல்ல கைவிளக்கேந்திய காரிகை

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் என்றதும், கையில் விளக்குடன் நோயாளரிடையே நடந்து செல்லும் உருவமே நம் மனக்கண்முன் தோன்றுகிறது. அவர் கணக்கிலும் வல்லவர் என்பதை நம்மில் பலர் அறியோம்.

1820 மே 12-இல், இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலக் குடும்பத்தில் பிறந்தார். கணிதம் பயில அவர் விரும்பியபோது வீட்டார் எளிதில் இசையவில்லை. பெண்ணுக்குக் கணக்கு எதற்கு என்னும் பேச்சு நமக்கும் புதிதன்று!

கிரிமியப் போரில் காயமுற்றோருக்குப் பணிபுரிய, 1854 நவம்பரில் 38 பெண்களுடன் துருக்கியின் ஸ்குட்டாரி மருத்துவமனையை அடைந்தார். அவர்களுள் பத்துப் பேர் கத்தோலிக்கக் கன்னியர். பெர்மாண்ட்சி மடத்துத் தலைவி அன்னை மேரி கிளேர் மூர் அவருக்கு வாழ்நாள் தோழியானார்.

இரவு பகலாகப் பணிபுரிந்தும் சாவு குறையவில்லை. 1855 ஜனவரியில் மட்டும் காயங்களால் இறந்த படைவீரர் 83 பேர். தொற்றுநோய்களால் இறந்தவரோ 2761 பேர். மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு, கட்டடத்தின் அடியில் அடைபட்டிருந்த சாக்கடைகளைத் துப்புரவாக்கியது. சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசியது. பிப்ரவரியில் நூற்றுக்கு 42 ஆக இருந்த சாவு, ஜூனில் நூற்றுக்கு 2 ஆயிற்று.

நாடு திரும்பியபின், வில்லியம் பார் என்னும் புள்ளியியல் அறிஞரின் துணையுடன் அந்த ஏடுகளை ஆராய்ந்தபோதே இதன் முழுப் பொருளும் அம்மையாருக்கு விளங்கிற்று. தம் கண்முன் மாண்டவர்களுள் எத்தனை பேர் பிழைத்திருக்கலாம்! அவ்வுண்மையை அவர் மூடி மறைக்கவில்லை. 1858-இல் அச்சிட்டு அளித்தார்.

படைவீரரோ உடல் திடம் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட இளைஞர்கள். ஆகவே ஒத்த வயதினரையே அவர் ஒப்பிட்டார். இங்கிலாந்தில் 20 முதல் 25 வயதுள்ள ஆண்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 8 பேர் இறந்தனர். அமைதிக் காலத்திலும் படை முகாம்களில் அதே வயதினர் 17 பேர் இறந்தனர். வயது ஒன்றே என்பதால் வயதின்மேல் பழிபோட இயலாது. நெரிசலும் கெட்ட காற்றும் அசுத்தமுமே காரணம் என்றார். எண்களைப் படிக்கச் சலிப்போருக்காக, மாதத்துக்கு ஒரு துண்டாக வட்டப்படமும் வரைந்தார். நோய்க்கு நீலம், காயத்துக்குச் சிவப்பு, பிறவற்றுக்குக் கறுப்பு. லண்டன் புள்ளியியல் சங்கம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராக ஏற்றது.

1863-இல் வெளிவந்த அறிக்கையின்படி, இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையில் சாவு ஆயிரத்துக்கு 69. நம் நாட்டை ஒருமுறையும் காணாத அம்மையார், படுக்கையில் இருந்தபடியே இங்குள்ள குடிநீர், வடிகால் பற்றிப் பல்லாண்டு எழுதிவந்தார்.

1910 ஆகஸ்டு 13-இல் தமது தொண்ணூறாம் வயதில் காலமானார். ஈஸ்ட் வெல்லோ சிற்றூரில் உள்ள கல்லறையில் அவரது பெயரின் முதலெழுத்துகளும் இரு தேதிகளுமே பொறிக்கப்பட்டுள்ளன.