மாணவனை இனங்கண்ட அடிகளார்

காரைதீவில் 1892 ஆம் ஆண்டு மயில்வாகனனாகப் பிறந்த சுவாமி விபுலானந்தரை யாழ்நூலின் ஆசிரியராகவே பெரும்பாலும் நினைவுகூருகின்றோம். பல்கலைக்கழக ஆசானாக அவர் விளங்கிய விதம் அதிகம் பேசப்படுவதில்லை.

லண்டன் விஞ்ஞானப் பட்டதாரியும் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதருமான அவர், 1924 இல் துறவு பூண்டார். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். ஆங்கிலம் கோலோச்சிய கொழும்பு வளாகத்திலும் அவர் பேணியது நமது பழைய ஆசான்-மாணவன் உறவையே. மாணவன் கொள்ளும் வகையறிந்து கற்பிப்பதை நன்னூல் ஆசிரியனுக்கு உரிய இலக்கணமாகக் கூறுகிறது.

பாணந்துறையைச் சேர்ந்த ம.மு. உவைஸ் அவரிடம் தமிழ் பயின்றவர். முஸ்லிம் புலவர்களின் ஆக்கங்களைத் தமிழ்க் கல்வியுலகம் பெரிதும் கண்டுகொள்ளாதிருந்த வேளையில், அத்துறையின்பால் அம்மாணவரை ஆற்றுப்படுத்தியவர் காவியுடுத்த இந்தத் துறவியே. அடிகளார் அப்போது யாழ் ஆராய்ச்சியில் மூழ்கியிருந்தார். மாணவரை அதற்குள் இழுக்கவில்லை. தமது ஆய்வின் எச்சங்களையே மாணவருக்குத் தலைப்புகளாக வழங்கும் பேராசிரியர்களைக் கண்டவர்களுக்கு இதன் அருமை புரியும்.

யாழ்நூல் அரங்கேறிய 1947 ஆம் ஆண்டிலேயே, ஜூலை 19 இல், அடிகளார் மறைந்தார். தமிழுக்கு முஸ்லிம்கள் ஆற்றிய பணி பற்றிய உவைஸின் முதுகலைமாணி ஆய்வு 1953 இல் நூலாக வெளிவந்தது. பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பேராசிரியராகவும் அவர் அமர்ந்தார்.